எழுத்தாக்கக் கற்பித்தல் ஆய்வு

எழுத்தாக்கக் கற்பித்தல் ஆய்வு என்பது மாணவர்கள் கட்டுரை, கடிதம், கதை, விளக்கவுரை, வாதவுரை முதலியவற்றை எழுதும் திறனை எவ்வாறு பெறுகின்றனர், அத்திறனை எவ்வாறு அளவிடலாம், எம்முறையில் கற்பித்தால் அது வளரும் ஆகிய வினாக்களை ஆராயும் கல்வியியல் துறையாகும். உளவியல், மொழியியல், கல்வி அளவீட்டியல் ஆகிய துறைகளின் ஆய்வுமுறைகளை இது பயன்படுத்துகிறது. எழுத்துகளை அறிந்து வரைவதை மட்டும் இத்துறை எழுதுதல் என்று கொள்வதில்லை. ஒரு கருத்தை உருவாக்கி, ஒழுங்குபடுத்தி, படிப்பவருக்கு விளங்குமாறு எழுத்தில் தரும் முழுச் செயலையும் அது எழுத்தாக்கம் என்று கொள்கிறது.

இத்துறை 1960கள் தொடக்கம் ஐக்கிய அமெரிக்காவிலும், அதனை அடுத்து இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் வளர்ந்தது. எனவே இங்கு தரப்படும் முடிவுகளுள் பெரும்பாலானவை ஆங்கிலவழிப் பள்ளிகளில் பெறப்பட்டவை.

பின்னணி

எழுத்துத் தேர்வுகள் உயர்கல்விக்கான வாயிலாக மாறியபோதே எழுத்தாக்கத்தைத் தனிப்பாடமாகக் கற்பிக்கும் தேவையும் எழுந்தது. ஹார்வர்டு கல்லூரி 1874ஆம் ஆண்டில் தன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுதுதலைச் சேர்த்தது. பின்னர் முதலாண்டு மாணவர்களுக்கென எழுத்தாக்கப் பாடமும் அங்கு தொடங்கப்பட்டது. பிற கல்லூரிகளும் இதனைப் பின்பற்றின. ஆசிரியர் தலைப்புத் தருவார், மாணவர் எழுதுவார், ஆசிரியர் சிவப்பு மையால் பிழைகளைக் குறித்து மதிப்பெண் இடுவார். இந்த முறை பல பத்தாண்டுகள் மாற்றமின்றி நீடித்தது.

1963ஆம் ஆண்டில் ரிச்சர்ட் பிராடாக், ரிச்சர்ட் லாயிட்-ஜோன்ஸ், லோவெல் ஷோயர் ஆகியோர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டனர். எழுத்தாக்கம் பற்றிய ஆய்வுகள் மிகத் தொடக்க நிலையிலேயே உள்ளன என்றும், பெரும்பாலானவை முறையாக வடிவமைக்கப்படவில்லை என்றும் அவர்கள் காட்டினர். இந்த அறிக்கையே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

எழுதும்போது நிகழ்வது என்ன

எமிக்கின் ஆய்வு

1971ஆம் ஆண்டில் ஜேனட் எமிக் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எண்மரை ஆராய்ந்து ஒரு நூலை வெளியிட்டார். மாணவர்கள் எழுதும்போதே தம் மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லுமாறு அவர் கேட்டுப் பதிவு செய்தார். முதலில் குறிப்புச்சட்டம், அடுத்துக் கட்டுரை, கடைசியில் திருத்தம் என்று பாடநூல்கள் கூறிய ஒழுங்கில் மாணவர்கள் எழுதவில்லை என்பது தெரியவந்தது. அவர்கள் முன்னும் பின்னுமாகச் சென்று எழுதினர். எழுதிக்கொண்டிருக்கும்போதே கருத்துகளைக் கண்டுபிடித்தனர். பள்ளிக்காக எழுதியதற்கும் தமக்காக எழுதியதற்கும் இடையே அவர்களின் ஈடுபாடு வேறுபட்டது. எழுதி முடித்த தாளை விட்டு எழுதுபவரின் செயலை நோக்கி ஆய்வு திரும்பியது இந்நூலுக்குப் பின்னரேயாகும்.

பிளவர்–ஹேய்ஸ் மாதிரி

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா பிளவர், ஜான் ஹேய்ஸ் ஆகியோர் 1981ஆம் ஆண்டில் எழுத்தாக்கத்திற்கான ஓர் அறிதிறன் மாதிரியை வெளியிட்டனர். இதன்படி எழுத்தாக்கம் மூன்று உட்செயல்களைக் கொண்டது.

* திட்டமிடல்: கருத்துகளைத் திரட்டல், ஒழுங்குபடுத்தல், நோக்கங்களை வகுத்தல்.
* மொழியாக்கல்: மனத்தில் உள்ளதைச் சொற்றொடர்களாக மாற்றுதல்.
* மீள்பார்வை: எழுதியதைப் படித்து மதிப்பிட்டுத் திருத்துதல்.

இவை வரிசையாக நிகழ்வன அல்ல. ஒன்றினுள் ஒன்றாக மீண்டும் மீண்டும் நிகழ்வன. எப்போது எதற்கு மாறுவது என்பதைக் கண்காணிக்கும் ஓர் உறுப்பும் இம்மாதிரியில் உண்டு. தேர்ந்த எழுத்தாளர் நல்ல சொற்களை அறிந்தவர் என்பதோடு, யாருக்கு, எதற்காக எழுதுகிறோம் என்னும் நோக்கத்தைத் தொடர்ந்து வகுத்தும் மாற்றியும் செல்பவர் என்பது இவ்வாய்வின் முதன்மையான முடிவாகும்.

அறிந்ததைச் சொல்லலும் அறிவை மாற்றலும்

டொராண்டோவில் பணியாற்றிய கார்ல் பெரைட்டர், மார்லின் ஸ்கார்டமாலியா ஆகியோர் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இருவகை எழுதுமுறைகளை வேறுபடுத்தினர். முதலாவது அறிந்ததைச் சொல்லல். தலைப்பைக் கண்டதும் நினைவுக்கு வருவதை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, நினைவு வற்றியதும் நிறுத்திவிடுவது இதன் இயல்பு. இளம் மாணவர்கள் பெரும்பாலும் இவ்வாறே எழுதுகின்றனர். இரண்டாவது அறிவை மாற்றல். சொல்ல வேண்டியது எது என்னும் சிக்கலும் எவ்வாறு சொல்வது என்னும் சிக்கலும் ஒன்றையொன்று பாதிக்க, எழுதுபவரின் புரிதலே எழுதும்போது மாறுகிறது.

முதல் வகையில் நெடுங்காலம் பயின்றால் இரண்டாம் வகை தானே வந்துவிடும் என்று கொள்ள முடியாது. ஆண்டுதோறும் பல கட்டுரைகள் எழுதியும் சில மாணவர்கள் முன்னேறாதிருப்பதற்கு இது ஒரு விளக்கமாக அமைகிறது.

கையெழுத்தும் எழுத்துக்கூட்டலும்

மனிதரின் செயல்படு நினைவு குறுகிய கொள்ளளவு உடையது. ஒரு சொல்லை எவ்வாறு எழுத்துக்கூட்டுவது, எழுத்தை எவ்வாறு வரைவது என்பதிலேயே குழந்தையின் கவனம் செலவாகுமானால், கருத்தைத் திட்டமிடுவதற்கு இடம் குறைகிறது. ஸ்டீவ் கிரகாம், வர்ஜீனியா பெர்னிங்கர் முதலியோர் முதல் ஆறு வகுப்புகளைச் சேர்ந்த 600 மாணவர்களை ஆராய்ந்து 1997இல் முடிவுகளை வெளியிட்டனர். எழுத்தாக்கத்தின் தரத்தில் மாணவர்களிடையே காணப்பட்ட வேறுபாடுகளுள் 25 முதல் 42 விழுக்காடு வரை கையெழுத்து, எழுத்துக்கூட்டல் ஆகிய திறன்களோடு தொடர்புடையதாக இருந்தது. கையெழுத்துப் பயிற்சி அழகுக்காக மட்டும் அன்று, விரைவும் தன்னியக்கமும் பெறுவதற்காகவும் தேவை என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

கற்பித்தல் அணுகுமுறைகள்

விளைபொருள் அணுகுமுறை

முடிந்த கட்டுரையின் வடிவத்தையும் பிழையின்மையையும் முதன்மையாகக் கொள்வது விளைபொருள் அணுகுமுறை. சிறந்த உரைகளைப் படித்து அவற்றைப் பின்பற்றி எழுதுதல், இலக்கண விதிகளைப் பயிலுதல், முன்னுரை, மூன்று பத்திகள், முடிவுரை என்னும் ஐந்து பத்தி அமைப்பில் எழுதுதல் ஆகியன இதன் கூறுகள். தெளிவான சட்டகம் தருவது இதன் வலிமை. மாணவர் எழுதும்போது அவருக்கு உதவாமல் எழுதி முடித்த பின்னரே திருத்துவது இதன் குறையாகச் சுட்டப்படுகிறது.

செயல்முறை அணுகுமுறை

எழுத்தை விளைபொருளாக அன்றிச் செயல்முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று டொனால்டு மரே 1972இல் வலியுறுத்தினார். டொனால்டு கிரேவ்ஸ் 1983இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது. மாணவர் தம் தலைப்பைத் தாமே தேர்தல், பல வரைவுகள் எழுதுதல், சக மாணவர்களுக்கும் ஆசிரியருக்கும் காட்டிக் கருத்துப் பெறுதல், திருத்துதல், வகுப்பில் வெளியிடுதல் ஆகியன இதன் படிகள். 1974இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜேம்ஸ் கிரே தொடங்கிய ஆசிரியர் பயிற்சித் திட்டம், பின்னர் தேசிய எழுத்துத் திட்டம் என விரிந்து இவ்வணுகுமுறையைப் பரப்பியது. எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் தாமும் எழுத வேண்டும் என்பது இத்திட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகும்.

இவ்வணுகுமுறையை எதிர்த்து எழுந்த குரல்களுள் லிசா டெல்பிட்டின் குரல் குறிப்பிடத்தக்கது. கறுப்பின ஆசிரியரான இவர் 1986, 1988 ஆகிய ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் ஒரு வினாவை எழுப்பினார். நூல்களும் தரமொழியும் நிறைந்த வீட்டிலிருந்து வரும் குழந்தை, பள்ளி எதிர்பார்க்கும் எழுத்துநடையை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. அக்குழந்தையிடம் "உன் விருப்பப்படி எழுது" என்று கூறுவது பொருந்தும். அத்தகைய வீட்டிலிருந்து வராத குழந்தைக்கு அந்நடையின் விதிகளை வெளிப்படையாகச் சொல்லித் தராவிட்டால், சொல்லித் தரப்படாத ஒன்றுக்காகவே அது பின்னர் தேர்வில் தோற்கடிக்கப்படும். கற்பித்தல் முறை பற்றிய விவாதம் சமூக நீதி பற்றிய விவாதமாகவும் ஆனது இவ்வாறேயாகும்.

உரைவகை அணுகுமுறை

இதே கவலை ஆஸ்திரேலியாவிலும் எழுந்தது. மைக்கேல் ஹாலிடேயின் மொழியியல் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டு, ஜேம்ஸ் மார்ட்டின், ஜோன் ரோத்தரி முதலியோர் 1980களில் சிட்னியில் உரைவகை அணுகுமுறையை உருவாக்கினர். தொடக்கப் பள்ளி மாணவர்கள் கதையும் தன்னனுபவமும் மட்டுமே மிகுதியாக எழுதுவதையும், அறிவியல் விளக்கம், அறிக்கை, வாதம் ஆகிய வகைகளில் அவர்களுக்குப் போதிய பயிற்சி கிடைக்காததையும் இவர்கள் கண்டனர். பள்ளியிலும் பணியிலும் செல்வாக்குப் பெற்றவை பின்னர்க் கூறிய வகைகளேயாகும். இதற்கான கற்பித்தல் சுழற்சி மூன்று கட்டங்களைக் கொண்டது.

1. ஒரு மாதிரி உரையை எடுத்து, அதன் நோக்கம், உறுப்புகள், மொழிக்கூறுகள் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுதல்.
2. ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து கரும்பலகையில் அவ்வகை உரை ஒன்றை எழுதுதல்.
3. மாணவர் தனியாக எழுதுதல்.

உத்தி கற்பித்தல்

கரேன் ஹாரிஸ், ஸ்டீவ் கிரகாம் ஆகியோர் 1980கள் முதல் வளர்த்த தன்னொழுங்கு உத்தி கற்பித்தல் முறை, முதலில் கற்றல் குறைபாடு உடைய மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டுப் பின்னர் எல்லா மாணவர்களுக்கும் விரிக்கப்பட்டது. இதில் ஆறு கட்டங்கள் உள்ளன: பின்னணி அறிவை வளர்த்தல், உத்தியைப் பற்றிக் கலந்துரையாடல், ஆசிரியர் செய்துகாட்டல், உத்தியை மனத்தில் பதித்தல், உதவியோடு செய்தல், தனியே செய்தல்.

எடுத்துக்காட்டாக, தன் கருத்தை நிறுவும் கட்டுரைக்கு "மரம்" என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகள் நினைவுக்குறியாகப் பயன்படுகின்றன. கருத்தைக் கூறும் முதல் வாக்கியம், காரணங்கள், ஒவ்வொரு காரணத்திற்கும் விளக்கம், முடிவு என்பன அவை. செய்துகாட்டும் கட்டத்தில் ஆசிரியர் தம் எண்ண ஓட்டத்தையே உரக்கச் சொல்லி எழுதுகிறார். "இந்தக் காரணம் போதுமா? படிப்பவர் மறுத்தால் என்ன சொல்வேன்?" என்று ஆசிரியரே தயங்குவதையும் திருத்துவதையும் மாணவர் காண்கின்றனர். தன் இலக்கைத் தானே வகுத்தல், தன் முன்னேற்றத்தைத் தானே பதிதல் ஆகியனவும் மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றன.

இலக்கணம் பற்றிய விவாதம்

இலக்கணத்தைத் தனிப்பாடமாகக் கற்பித்தால் மாணவரின் எழுத்து மேம்படுமா என்பது இத்துறையின் நெடுநாள் வினாவாகும். 1963ஆம் ஆண்டின் பிராடாக் அறிக்கையே, முறையான இலக்கணம் எழுத்துப் பயிற்சிக்கான நேரத்தை எடுத்துக்கொள்வதால் பயனற்றதாகவோ தீங்காகவோ அமையலாம் என்று கூறியது. நியூசிலாந்தில் வார்விக் எல்லியும் அவர் குழுவினரும் 248 மாணவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். 1970களின் நடுவில் வெளிவந்த முடிவுகளின்படி, இலக்கணம் பயின்ற வகுப்புகளுக்கும் பயிலாத வகுப்புகளுக்கும் இடையே எழுதும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவுகள் வாக்கியத்தின் மீது கவனம் செலுத்துவதே வீண் என்று காட்டவில்லை. ஜான் மெல்லன் 1969இலும் பிராங்க் ஓஹேர் 1973இலும் வெளியிட்ட ஆய்வுகள் வாக்கிய இணைப்புப் பயிற்சி பயன் தருவதைக் காட்டின. இப்பயிற்சியில் மாணவருக்குச் சிறு வாக்கியங்கள் தரப்படுகின்றன. தமிழில் கூறின், "மழை பெய்தது. ஆறு பெருகியது. பாலம் மூழ்கியது." என்பவற்றை "மழை பெய்து ஆறு பெருகியதால் பாலம் மூழ்கியது" என்றோ, "பாலம் மூழ்குமளவுக்கு மழையால் ஆறு பெருகியது" என்றோ இணைக்கலாம். எச்சம், வேற்றுமை ஆகிய கலைச்சொற்களை அறியாமலேயே மாணவர் இதனைச் செய்ய முடிகிறது. எந்த இணைப்பு எப்பொருளை முன்னிறுத்துகிறது என்று வகுப்பில் ஒப்பிடவும் முடிகிறது.

இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெப்ரா மைஹில் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு விவாதத்தைப் புதுப்பித்தது. எழுதும் பணியோடு இணைத்து, ஒரு வாக்கிய அமைப்பு படிப்பவரிடம் என்ன விளைவை உண்டாக்குகிறது என்று கற்பித்தபோது முன்னேற்றம் காணப்பட்டது. ஆயினும் அப்பயன் ஏற்கெனவே நன்றாக எழுதும் மாணவர்களிடமே மிகுதியாக இருந்தது. பின்னர் இங்கிலாந்தில் நடந்த பிற சோதனைகளில் இதே அளவு பயன் உறுதிப்படவில்லை.

எம்முறைகள் பயன் தருகின்றன

தனித்தனி ஆய்வுகள் சிறியனவாகவும் ஒன்றுக்கொன்று முரணாகவும் இருக்கக்கூடும். எனவே பல ஆய்வுகளின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஒன்றுசேர்க்கும் தொகுப்புப் பகுப்பாய்வு பயன்படுத்தப்படுகிறது. இதில் முடிவு "விளைவு அளவு" என்னும் எண்ணால் குறிக்கப்படுகிறது. சோதனை வகுப்பின் சராசரிக்கும் ஒப்பீட்டு வகுப்பின் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டைத் திட்டவிலக்கத்தால் வகுத்துப் பெறுவது இவ்வெண். பொதுவாக 0.2 சிறியது, 0.5 நடுத்தரமானது, 0.8 பெரியது எனக் கொள்ளப்படுகிறது. விளைவு அளவு 0.82 எனில், சோதனை வகுப்பின் சராசரி மாணவர் ஒப்பீட்டு வகுப்பில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினரை விட நன்றாக எழுதுகிறார் என்று பொருள்.

ஜார்ஜ் ஹில்லாக்ஸ் 1986இல் வெளியிட்ட தொகுப்பே இத்துறையின் முதற்பெரும் தொகுப்புப் பகுப்பாய்வாகும். ஆசிரியர் விரிவுரையாற்றும் முறையின் விளைவு 0.02 மட்டுமே. மாணவரைத் தம் போக்கில் எழுதவிடும் முறைக்கு 0.19 கிடைத்தது. தெளிவான நோக்கமும் கட்டமைக்கப்பட்ட குழுப்பணியும் கொண்ட முறைக்கு 0.44 கிடைத்தது. ஆசிரியரின் ஆதிக்கம், மாணவரின் முழு விடுதலை என்னும் இரு முனைகளையும் விட, நன்கு வடிவமைத்த பணிகளே மேலானவை என்று அவர் முடிவு செய்தார்.

ஸ்டீவ் கிரகாம், டொலரஸ் பெரின் ஆகியோர் 2007இல் நான்கு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் பற்றிய 123 ஆய்வு ஆவணங்களைப் பகுத்தாய்ந்தனர். அவர்கள் கண்ட சராசரி விளைவு அளவுகள் பின்வருமாறு.

* எழுதும் உத்திகளைக் கற்பித்தல்: 0.82
* படித்ததைச் சுருக்கி எழுதக் கற்பித்தல்: 0.82
* இணைந்து எழுதுதல்: 0.75
* எழுத்துக்குத் தெளிவான இலக்குத் தருதல்: 0.70
* கணினியில் எழுதுதல்: 0.55
* வாக்கிய இணைப்பு: 0.50
* எழுதுமுன் திட்டமிடும் பணிகள்: 0.32
* தரவுகளை உற்றுநோக்கி ஆராய்ந்து எழுதுதல்: 0.32
* செயல்முறை அணுகுமுறை: 0.32
* மாதிரி உரைகளைப் பயிலுதல்: 0.25
* பாடப்பொருளைக் கற்க எழுதுதல்: 0.23
* தனிப்பாடமாக இலக்கணம்: -0.32

கடைசி எண்ணைப் பொருள்கொள்வதில் கவனம் தேவை. இவ்வாய்வுகள் பலவற்றில் இலக்கணம் சோதனை முறையாக இல்லாமல், வேறு முறையோடு ஒப்பிடுவதற்கான வழக்கமான பாடமாகவே இருந்தது. எனவே அதன் எதிர்மறை எண் பிற முறைகளின் மேன்மையையும் காட்டுகிறது. "தெளிவான இலக்கு" என்பது "நன்றாக எழுது" என்று கூறுவதைக் குறிக்காது. "உன் கருத்துக்கு மூன்று காரணங்கள் தா, எதிர்க்கருத்து ஒன்றைக் கூறி மறு" என்பது போன்ற குறிப்பான பணியைக் குறிக்கும்.

தொடக்க வகுப்புகள் பற்றி 2012இல் வெளிவந்த இதுபோன்ற தொகுப்பிலும் உத்தி கற்பித்தலே முன்னணியில் இருந்தது; அதன் விளைவு அளவு 1.02. அங்கு கையெழுத்து, எழுத்துக்கூட்டல், தட்டச்சு ஆகியவற்றைக் கற்பித்தல் 0.55 பெற்றது. வேறு மாற்றம் எதுவுமின்றிக் கூடுதலாக எழுத வைப்பது மட்டும் 0.30 பெற்றது. எழுதிப் பழகுதல் தேவையானது. ஆயினும் கற்பித்தலுக்கு அது மாற்றாகாது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

ஆசிரியருக்கு அளிக்கப்படும் நீண்ட காலப் பயிற்சியும் விளைவு தருவதாகும். தேசிய எழுத்துத் திட்டத்தின் வாதவுரைப் பயிற்சி அமெரிக்காவின் பத்து மாநிலங்களைச் சேர்ந்த 44 ஊரகக் கல்வி மாவட்டங்களில் சமவாய்ப்பு முறையில் சோதிக்கப்பட்டு, மாணவரின் எழுத்தில் முன்னேற்றம் காணப்பட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது.

எழுத்தை மதிப்பிடுதல்

எழுத்தாக்கத்தை அளவிடுவது எளிதன்று. 1961இல் பால் டீடெரிக் குழுவினர் அமெரிக்கக் கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தனர். மதிப்பிட்டோர் ஆங்கில ஆசிரியர்கள், அறிவியலாளர்கள், எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், வணிகத் துறையினர் முதலியோர் ஆவர். ஒன்பது நிலைகளுள் ஒன்றில் ஒவ்வொரு கட்டுரையையும் வைக்குமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். 94 விழுக்காடு கட்டுரைகள் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட வெவ்வேறு நிலைகளைப் பெற்றன. ஐந்துக்கும் குறைந்த நிலைகளைப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. சிலர் கருத்தையும், சிலர் பிழையின்மையையும், சிலர் அமைப்பையும், சிலர் சொல்லாட்சியையும், சிலர் எழுதியவரின் தனித்தன்மையையும் முதன்மையாகக் கொண்டதே இதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. ஒரே கட்டுரை யார் கையில் சேர்கிறது என்பதைப் பொறுத்து மாணவரின் தேர்ச்சி மாறக்கூடும் என்பதால் இம்முடிவு பெரும் கவலையை உண்டாக்கியது.

இதனைக் குறைக்க மூன்று முறைகள் வளர்ந்தன. முழுமை மதிப்பீட்டில், முன்பே பயிற்சி பெற்ற இருவர் கட்டுரையை விரைந்து படித்து ஒட்டுமொத்த மதிப்பெண் இடுவர். பகுப்பு மதிப்பீட்டில், கருத்து, அமைப்பு, மொழி எனத் தனித்தனியே மதிப்பெண் உண்டு. முதன்மைப் பண்பு மதிப்பீட்டில், அந்தப் பணிக்கு இன்றியமையாத ஒரு பண்பு மட்டும் பார்க்கப்படும். புகார்க் கடிதம் எனில், அது எந்த அளவுக்கு ஏற்கச் செய்கிறது என்பதே அளவுகோல். மதிப்பிடுவோருக்குப் பயிற்சி தருவதால் உடன்பாடு உயர்கிறது. ஆயினும் ஒரு மாணவரின் திறனை ஒரே கட்டுரையைக் கொண்டு முடிவு செய்வது நம்பத்தக்கதன்று. ஒரே மாணவர் ஒரு தலைப்பில் நன்றாகவும் மற்றொன்றில் குறைவாகவும் எழுதுவது இயல்பு.

நாடுகளை ஒப்பிடுவது இன்னும் கடினமானது. பன்னாட்டுக் கல்வி அடைவு மதிப்பீட்டுக் கழகம் 1980களில் நடத்திய எழுத்தாக்க ஆய்வில், நல்ல கட்டுரை எது என்பதில் நாடுகளிடையே வேறுபாடுகள் வெளிப்பட்டன. எழுத்தாக்கத்தைப் பண்பாட்டுச் சூழலில் வைத்தே நோக்க வேண்டும் என்று ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஆலன் பர்வெஸ் எழுதினார்.

மதிப்பீடு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. மாணவர் எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் கிடைக்கும் பின்னூட்டமும் மதிப்பீடே. கிரகாம், ஹெபர்ட், ஹாரிஸ் ஆகியோர் 2015இல் வெளியிட்ட தொகுப்பில் பெரியோர் தரும் பின்னூட்டத்திற்கு 0.87, தன்மதிப்பீட்டிற்கு 0.62, சக மாணவர் பின்னூட்டத்திற்கு 0.58, கணினிப் பின்னூட்டத்திற்கு 0.38 என விளைவு அளவுகள் கிடைத்தன.

மாணவர்களின் அடைவு நிலை

அமெரிக்காவின் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு, எழுத்துத் திறனை நாடளாவிய மாதிரியில் அளந்த ஆய்வுகளுள் முதன்மையானது. இதன் அடைவுகள் அடிப்படை, தேர்ச்சி, உயர்நிலை என மூன்று மட்டங்களாகப் பிரிக்கப்படுகின்றன. 2002இல் நான்காம் வகுப்பில் 28 விழுக்காட்டினரும், எட்டாம் வகுப்பில் 31 விழுக்காட்டினரும், பன்னிரண்டாம் வகுப்பில் 24 விழுக்காட்டினரும் தேர்ச்சி மட்டத்தையோ அதற்கு மேலோ எட்டினர். 2007இல் எட்டாம் வகுப்பில் இது 33 விழுக்காடாகவும் பன்னிரண்டாம் வகுப்பில் 24 விழுக்காடாகவும் இருந்தது. 2011இல் மாணவர்கள் முதன்முறையாகக் கணினியில் எழுதினர். இரு வகுப்புகளிலும் 27 விழுக்காட்டினர் தேர்ச்சி மட்டத்தை எட்டினர். தேர்வு முறை மாறியதால் 2011இன் எண்களை முந்தைய எண்களோடு நேராக ஒப்பிட முடியாது. இரு வகுப்புகளிலும் மாணவியர் மாணவரை விடக் கூடுதல் மதிப்பெண் பெற்றனர்.

வகுப்பறையில் எழுதும் நேரம்

குறைந்த அடைவுக்கான காரணங்களுள் ஒன்று எளிமையானது: மாணவர்கள் பள்ளியில் நீளமாக எழுதுவது குறைவு. ஆர்தர் ஆப்பில்பீ 1981இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பு நேரத்தில் ஏறத்தாழ 3 விழுக்காட்டையே ஒரு பத்தி அல்லது அதற்கு மேல் எழுதுவதில் செலவிட்டனர். 2011இல் அவரும் ஜூடித் லாங்கரும் 138 மாணவர்களிடமிருந்து திரட்டிய 8,542 எழுத்துப் பணிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 19 விழுக்காடு மட்டுமே ஒரு பத்தியோ அதற்கு மேலோ கொண்டிருந்தன. எஞ்சியவை கோடிட்ட இடம் நிரப்புதல், குறுவிடை, பார்த்து எழுதுதல் ஆகியன. ஒரு பத்தியைக்கூட அமைக்காமல் கருத்தை அமைக்கும் திறன் வளர வழியில்லை.

யாருக்காக எழுதுகின்றனர் என்பதும் ஆராயப்பட்டுள்ளது. ஜேம்ஸ் பிரிட்டன் குழுவினர் இங்கிலாந்தின் 65 பள்ளிகளிலிருந்து திரட்டிய ஏறத்தாழ 2,000 எழுத்துகளை ஆராய்ந்து 1975இல் நூலாக வெளியிட்டனர். அவ்வெழுத்துகளுள் ஏறத்தாழப் பாதி, தேர்வாளர் என்னும் நிலையில் ஆசிரியருக்காகவே எழுதப்பட்டவை. விடையை முன்பே அறிந்த ஒருவருக்கே எப்போதும் எழுதும் மாணவர், அறியாத ஒருவருக்கு விளக்கும் பயிற்சியைப் பெறுவதில்லை.

ஆசிரியரின் பணிச்சுமை இதற்கு ஒரு முதன்மைக் காரணம். ஓர் ஆசிரியரிடம் 120 மாணவர்கள் இருப்பின், ஒவ்வொரு கட்டுரைக்கும் 10 நிமிடம் என்றாலும் ஒருமுறை திருத்த 20 மணிநேரம் ஆகும். 2003இல் அமெரிக்கக் கல்லூரி வாரியம் அமைத்த தேசிய எழுத்து ஆணையம், எழுதுதல் பள்ளிகளில் புறக்கணிக்கப்பட்ட பாடமாகிவிட்டது என்று கூறி, மாணவர் எழுதும் நேரத்தை இருமடங்காக்கப் பரிந்துரைத்தது.

கணினியும் எழுத்தாக்கமும்

எல்லிஸ் பேஜ் 1966இல் கட்டுரைகளைக் கணினியால் மதிப்பிடும் திட்டத்தை அறிவித்தார். 1999 முதல் மேலாண்மைப் படிப்புக்கான பன்னாட்டு நுழைவுத் தேர்வு ஒன்றில் இத்தகைய மென்பொருள் மனித மதிப்பீட்டாளரோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்டது. இவற்றின் மதிப்பெண்கள் மனிதரின் மதிப்பெண்களோடு பெருமளவு ஒத்துப்போயின. ஆயினும் நீளம், சொல்லின் அருமை போன்ற புறக்கூறுகளை இவை சார்ந்திருந்தன என்று திறனாய்வாளர் கூறினர். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன், பொருளற்ற கட்டுரைகளை உருவாக்கும் மென்பொருள் ஒன்றை 2014இல் மாணவர்களோடு சேர்ந்து அமைத்து, அவை உயர்ந்த மதிப்பெண் பெறுவதைக் காட்டினார்.

2022இன் இறுதியில் உரையை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பொதுமக்களை எட்டியதும் புதிய வினா எழுந்தது. கட்டுரை என்னும் விளைபொருளை எந்திரமே தரக்கூடுமாயின், அதனை மட்டும் பார்த்து மாணவரின் திறனை அறிய முடியாது. இதனால் வரைவுகள், திருத்தங்கள், வகுப்பில் எழுதுதல் ஆகியவற்றின் பங்கு மீண்டும் பேசப்படுகிறது. எழுதும்போதே எழுதுபவரின் புரிதல் மாறுகிறது என்னும் பெரைட்டர்–ஸ்கார்டமாலியா கருத்தின்படி, எழுதும் செயலைத் தவிர்ப்பது அப்புரிதலையும் இழப்பதாகும்.

வரம்புகள்

இவ்வாய்வு முடிவுகளைப் பயன்படுத்தும்போது சில வரம்புகளைக் கருத வேண்டும்.

* தொகுப்புப் பகுப்பாய்வுகளில் இடம்பெற்ற சோதனைகள் பல சில வாரங்களே நடந்தவை. ஆண்டுகள் கடந்தும் பயன் நிலைக்கிறதா என்பதற்கான சான்றுகள் குறைவு.
* ஒரு முறையின் விளைவு, அதனோடு ஒப்பிடப்பட்ட முறையையும் பொறுத்தது. விளைவு அளவுகளை மட்டும் கொண்டு முறைகளைத் தரவரிசைப்படுத்துவது பொருந்தாது.
* ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டல் ஒலிப்போடு பெரிதும் மாறுபடுவது. தமிழ் போன்ற மொழிகளில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு வேறானது. தமிழில் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபடுவதால், மாணவர் எழுதும்போது சொல்வடிவங்களையே மாற்ற வேண்டியுள்ளது. ஆங்கிலத்தில் கிடைத்த எண்களை இம்மொழிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது.

இவ்வரம்புகள் இருப்பினும், வெவ்வேறு நாடுகளிலும் காலங்களிலும் நடந்த ஆய்வுகள் சில முடிவுகளில் ஒன்றுபடுகின்றன. எழுத்தாக்கம் பிறவித் திறன் அன்று, கற்பிக்கக்கூடியது. எழுதும் முறையைச் செய்துகாட்டிக் கற்பிப்பதும், தெளிவான நோக்கத்தோடு எழுத வைப்பதும், எழுதி முடிக்குமுன்னரே பின்னூட்டம் தருவதும் பயன் தருகின்றன. வீட்டில் இத்திறனைப் பெற வாய்ப்பில்லாத மாணவர்களுக்குப் பள்ளியே இதனைப் பெறும் இடமாக இருப்பதால், இம்முடிவுகள் அவர்களுக்கு மிகவும் இன்றியமையாதனவாகின்றன.